எட்டாவது வீடு

"ஒன்பது பேருக்குச் சோறுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ ரெண்டு பேருக்கு உலை வச்சிருக்க!"

வீரணன் போட்ட சத்தத்தில் அடுப்படிக்குள் நுழையப் பார்த்த பூனை திரும்பி ஓடியது. முருகம்மாள் நிமிரவில்லை.

"வரட்டும். வந்தா வைக்கிறேன்."

"வந்தப்புறம் வச்சா, வந்தவங்க உன் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா? கறி எம்புட்டு எடுத்த?"

"அரைக் கிலோ."

"ரெண்டு கிலோ சொன்னேன்!"

"அரைக் கிலோ போதும்."

"ஏழு வீட்டுல கை நனைச்சுட்டு வந்திருக்கேன், முருகம்மா. என் மானத்தை வாங்காத."

ஏழு வீடு என்றது நிஜம்தான். வீரணனுக்குப் பரவை மார்க்கெட்டில் ராத்திரிக் காவல். இருபது வருசமாக அவர் கூட விழித்திருந்தது பழைய இங்கிலீஷ் பாட்டு. எழுபது, எண்பதுகளில் வந்தவை. அதட்டாத கிடார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் குரல். அர்த்தம் பாதிக்கு மேல் தெரியாது. ஆனால் பாடுகிறவன் அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கிற சத்தத்திலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்.

பேராசிரியர் அசோக்குமார் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் காதுதான். மொத்தம் எட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒரு வீடு. பதினோரு மணிக்குப் பாட்டு, ஒரு மணிக்குச் சாப்பாடு. பாட்டுகளைப் பொறுக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு.

"அண்ணே, உங்க முறை வரட்டும். அன்னைக்குத்தான் நமக்குத் திருவிழா!" என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அசோக்குமார்.

அந்த ஞாயிறு இன்று.

வாடகைக்கு எடுத்த ஏழு பிளாஸ்டிக் நாற்காலி. மகள் தமிழ்வாணி சென்னையிலிருந்து அனுப்பிய புது ஸ்பீக்கர். பன்னிரண்டு பாட்டு. மெதுவாக ஆரம்பித்து, கடைசி நாலும் கறுப்பினப் பாடகர்கள் உயிரை விட்டுப் பாடிய சோல் பாட்டுகள். எதற்குப் பிறகு எது என்று முடிவு பண்ணவே ஒரு வாரம் ஆனது.

மணி பதினொன்றரை. ஒருத்தரையும் காணோம்.

ரிட்டயர்டு தாசில்தார் மொக்கையனுக்குப் போன் போட்டார்.

"மூட்டுவலி பின்னுதுப்பா, வீரணா. உங்க வீட்டு மாடிப்படி ஏற முடியாது."

"நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாதே சார். ஓட்டு வீடு."

"அப்படியா... சரி, அடுத்த தடவை பார்ப்போம்."

அசோக்குமார் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

வாசலில் வெயில் மண்டையைப் பிளந்தது.

"மதுரையிலயா சார்?"

"எங்க ஏரியாவுல, அண்ணே."

மற்ற ஐந்து பேரும் போனையே எடுக்கவில்லை.

வீரணனின் கோபம் மறுபடி அடுப்படிக்குத் திரும்பியது.

"உன் வாய் முகூர்த்தம்! விடியறப்பவே யாரும் வரக் கூடாதுன்னு உலை வச்சவதான நீ? நாலு பெரிய மனுசங்க எங்கூடப் பழகுறது உனக்குப் பொறுக்கல."

முருகம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"இத்தனை மாசமா, வீடு எங்கன்னு கேட்டவுகளுக்கு என்ன சொன்னீங்க?"

"பழங்காநத்தம்னு சொன்னேன்."

"வெள்ளிக்கிழமை என்ன அனுப்புனீங்க?"

"வழி கேட்டாங்க. தெருமுனையில கம்பிக் கூண்டுக்குள்ள கோட்டுப் போட்ட சிலை இருக்கும், அதுல இருந்து நாலாவது வீடுன்னு அனுப்புனேன்."

சொல்லி முடிக்கும்போதே வீரணனின் குரல் இறங்கிவிட்டது.

"அதைப் படிச்சுட்டுத்தான் அரைக் கிலோவோட நிறுத்திக்கிட்டேன்" என்றாள் முருகம்மாள். "மிஞ்சுன சோத்தை அள்ளிக் கொட்டுறப்ப உங்க மூஞ்சியப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். கையிலிருந்த போன் அதிர்ந்தது.

குழுவில் ஒரு படம். தப்பான குழுவில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அசோக்குமார் வீட்டுக் கூடத்தில் ஏழு பேரும் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே அசோக்குமார் எழுதியிருந்தார்:

"என்ன குரல்! மேடையில் இவனுக்குக் கைதட்டிய வெள்ளைக்காரர்களில் ஒருவன்கூட இவன் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டான். இப்படியும் இருந்திருக்கிறார்களே மனிதர்கள்! இங்கே எல்லார் கண்ணிலும் தண்ணீர்."