ரவுட்டருக்கு வாய்த்த காவல்காரன்

அந்த வீட்டு வைஃபை ரவுட்டருக்கு மானம் போயிற்று. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கூடவே நாலு விளம்பரமும் உள்ளே புகுந்தது. அவற்றைத் தடுக்க ஆள் தேடியபோது பெரிதும் சிறிதுமாக இரண்டு விளம்பரத் தடுப்புப் பெட்டிகள் வந்தன.

முதல் நாள் பெரிய பெட்டி காவல் நின்றது. ஒரு விளம்பரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கேஸ் புக் செய்யும் பக்கமும் வரவில்லை.

"அண்ணே, அதை மட்டும் விட்டுடுங்க. வீட்ல அடுப்பு எரியல," என்றது ரவுட்டர்.

"நான் தடுத்தா தடுத்ததுதான். எனக்குத் தப்பே வராது."

அன்று வீட்டில் எல்லோருக்கும் பன்னும் வாழைப்பழமும்தான்.

மறுநாள் பெரியதை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சின்னப் பெட்டியைக் காவலுக்கு நிறுத்தியது ரவுட்டர். அதுவும் கேஸ் பக்கத்தைத் தடுத்துத் தொலைத்தது.

"தம்பி, அவங்க நமக்கு வேண்டியவங்க..."

ரவுட்டர் சொல்லி முடிப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கண்ணே, அடையாளம் தெரியல. இனிமே தடுக்க மாட்டேன். வேண்டியவங்க வேற யாராவது வெளிய நிக்கிறாங்களா?"

ரவுட்டர் அசந்துபோயிற்று. இப்படிக் கேட்கிற காவல்காரனை அது கண்டதே இல்லை.

"ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு தம்பி," என்றது. "ஆனா அவரு வேண்டாம்."