நாலு பக்கமும் தண்ணீர்

"நீ எந்த ரகம்? அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியை மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"இதுல போட்டிருக்கறான் பாரு. தீவுக்குப் போறவங்க மூணு ரகமாமா. நீந்தற ரகம், நடக்கற ரகம், படுத்துக் கெடக்கற ரகம். நீந்தறவனுக்கு லட்சத்தீவு. நடக்கறவனுக்கு அந்தமான். படுத்துக் கெடக்கறவனுக்கு மாலத்தீவு."

"நீங்க மூணாவது. அதுக்கு எதுக்குங்க தீவு? நம்மூட்டுக் கட்டிலு போதாதா?"

"உன்ற குசும்புக்கு ஒண்ணுங் கொறச்சலில்ல. முப்பது வருசத்துல உன்னைய ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறனா?"

"யாருங்க கேட்டாங்க?"

"நாங் கேக்கறேன். சொல்லு மரகதம்."

அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் வலியோடு மலையேற முடியாது. பகலில் படுத்துப் பழக்கமே இல்லை.

"யோசிச்சுச் சொல்றனுங்க. மோட்டார் ஓடுது. தொட்டி நெறஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாங்க, தோசை ஆறிரும்."

"வந்ததும் சொல்லிப்போடோணும்."

"சரீங்க."

மாடிப்படியில் அவருடைய காலடிச் சத்தம் ஏறிப் போனது.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

உண்மையாகவே யோசித்தாள்.

தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு மேலே தகரத்தில் விழுந்து தெறித்தது.

"ஏனுங்க, நெறஞ்சு போச்சுங்க!"

இன்னும் வழிந்தது.

அடுப்பை அணைத்தாள். அவளே போய் மோட்டாரை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகுதான் படியேறினாள்.

தொட்டிக்குப் பக்கத்தில், நனைந்த தரையில், அவர் ஒருக்களித்துக் கிடந்தார்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. சுற்றுலாக் கம்பெனிப் பெண். செய்தி தெரியாது.

"சார் இல்லீங்களா மேடம்? எந்தத் தீவுன்னு முடிவு பண்ணிட்டீங்களான்னு கேக்கறதுக்குக் கூப்பிட்டேன்."

"நா இன்னும் அவருகிட்டச் சொல்லலீங்க" என்றாள்.

அஸ்தியைப் பவானியிலேயே கரைத்துவிடலாம் என்றார்கள் பங்காளிகள். அதுதான் வழக்கம், பக்கமும்கூட.

மகன் ராமேஸ்வரம் என்றான். அப்பாவுக்குக் கடல் என்றால் பிடிக்கும் என்றான்.

ரயில் பாலத்தில் வேலை நடந்ததால் ராமநாதபுரத்திலேயே ரயிலை விட்டு இறங்கி வாடகைக் கார் பிடித்தார்கள். கலயம் மகன் மடியில் இருந்தது. மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வழியெல்லாம் அவன் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாலம் வந்தது. காருக்கு இரண்டு பக்கமும் நீலம்.

"இத தாண்டிட்டோம்னா தீவு" என்றார் டிரைவர். "சீக்கிரம் முடிச்சிட்டு வந்துருங்க. சாயந்தரம் பாலத்துல நின்னு போட்டோ எடுக்குறவுக கூட்டம், வண்டி நகராது."

"எந்தத் தீவுங்க?"

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"ராமேஸ்வரந்தாம்மா. நாலு பக்கமும் தண்ணியில்ல?"



அவளுக்கு ராமேஸ்வரம் என்றால் கோயில். நீண்ட பிராகாரம். வாளி வாளியாகத் தலையில் ஊற்றும் தீர்த்தக் கிணறுகள். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் தீவு என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கல்யாணமான வருடம் வந்திருந்தார்கள். அவரும் அவளும், மாமனாரும் மாமியாரும், இரண்டு நாத்தனார்களும். ரயில் கடலுக்கு மேலே ஊர்ந்தபோது அவர் முந்தானைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கரை வந்த பிறகும் விடவில்லை. சின்ன நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணா, பாலம் தாண்டியாச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊருக்குத் திரும்பி, கோயிலுக்குப் போய்வந்தோம் என்று சொன்னார்கள்.

லட்சத்தீவு வரைக்கும் தேடினவர். இது அவருக்கும் தோன்றவில்லை.

ஏனுங்க, என்று அவள் வாய் திறந்துவிட்டது.

"என்னம்மா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்ல சாமி."

கடலில் அலை இல்லை. குளம் போலக் கிடந்தது. இருவரும் இறங்கினார்கள்.

மகன் கலயத்தைக் கவிழ்த்தான். சாம்பல் சிறிது நேரம் அவர்களைச் சுற்றியே நின்றது. பிறகு நீரின் நிறமாகிவிட்டது.

"திரும்பிப் பார்க்காமக் கரையேறிடுங்கோ" என்றார் புரோகிதர்.

மகன் முழுகி எழுந்தான். சொன்னபடியே திரும்பாமல் நடந்து மணலை அடைந்தான். அம்மா பின்னாலேயே வருவதாக நினைத்திருக்க வேண்டும்.

கரையிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, வாங்க. ஈரத்தோட எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"நீ துணி மாத்து சாமி. நா இப்படியே கொஞ்ச நேரம் நின்னுட்டு வாரேன்."

"நின்னு என்னம்மா பண்றது?"

"சும்மாதான்."

அவள் இடுப்பளவு நீரில் நின்றாள்.

புதுப்பெண்ணாக முதல்முறை இறங்கியபோது, குளிரும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குளிரவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போதும் அப்படித்தான் இருந்தது.