வேல்விழி பேர் போடாத பெட்டி

வேல்விழி மறுபடியும் திருப்பி அனுப்பிட்டா.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னத்தச் சொல்ல. சாயப்பட்டறைகள்ல மாட்ட வேண்டிய பெட்டியெல்லாம் குடோன்ல தூசி படிஞ்சு கிடக்கு. பட்டறைக்காரங்க போன் போட்டுத் திட்டுற திட்டு முழுக்க எனக்குத்தான். பெட்டி மாட்டுற ஆளு அந்தோணிராஜ்னு மட்டும்தானே அவங்களுக்குத் தெரியும்.

சின்னப் பெட்டிதான். சாயம் ஏத்துற மெஷினுக்குள்ள எவ்வளவு சூடு இருக்குன்னு பார்த்து, நெட்வொர்க் கேபிள் வழியா ஆபரேட்டரோட திரைக்கு அனுப்பும். சூடு இறங்கிருச்சுன்னு திரை காட்டின பிறகுதான் மூடியைத் திறந்து துணியோட நிறம் பார்க்கணும். பழைய மெஷின்கள்ல மூடிக்குத் தனியாப் பூட்டு எதுவும் கிடையாது.

பெட்டிக்குள்ள ஓடுறது லினக்ஸ். அதுல நெட்வொர்க் கார்டை இயக்குற டிரைவர்ங்கிற புரோகிராமை எழுதினவன் இளங்கோ. நல்ல பையன், சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து எழுதினான்.

எங்க கம்பெனியில ஒரு வழக்கம். யார் எழுதின புரோகிராமா இருந்தாலும் வேல்விழி வரி வரியாப் படிப்பா. படிச்சுட்டுக் கீழ தன் பேரைப் போட்டாத்தான் அது பெட்டிக்குள்ள ஏறும். இந்த டிரைவருக்கு அவ போட மாட்டேங்கிறா. இளங்கோ திருத்தித் திருத்திக் கொடுக்கறான். இவ "இன்னும் சரியில்லை"ன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி அனுப்பிடறா. அவளுக்குத் தன் மேல பொறாமைன்னு இளங்கோ பொருமினான். எங்க சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைதான், ஆனாலும் இவ்வளவு திமிர் ஆகாதுன்னு நானும் டீக்கடையில ஒத்து ஊதினேன்.

முதலாளி பிரபாகர் எங்க எல்லாரையும் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்னைக்கு வாய் திறந்ததுமே வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டார். ஆள் உச்சத்துல இருக்கார்னு எனக்கு விளங்கிருச்சு.

வேல்விழி எழுந்து போனா. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில வச்சா. அதோட சென்சாரைக் கெட்டில் தண்ணிக்குள்ள போட்டு சுவிட்சைத் தட்டினா. திரையில சூடு ஏறுறது தெரிஞ்சது. கேபிளை உருவித் திரும்பச் சொருகினா. ஒண்ணும் ஆகலை. முதலாளி இளங்கோவைப் பார்த்துச் சிரிச்சார்.

அவ விடலை. உருவுறா, சொருகுறா, உருவுறா, சொருகுறா. பார்க்கிற எனக்கே எரிச்சலா இருந்தது. ஒரு தடவை சொருகினதும் திரை அறுபதுல நின்னு போச்சு. கெட்டில்ல தண்ணி தளதளன்னு கொதிக்குது, திரை அறுபதைத் தாண்டலை.

கேபிள் விட்டுப் போறப்ப டிரைவர் தகவல் அனுப்புறதை நிறுத்தி வைக்குது, திரும்பச் சொருகின பிறகு சில சமயம் மறுபடி தொடங்குறதில்லை, அதுதான் தப்புன்னு வேல்விழி சொன்னா. பட்டறையில மெஷின் ஆடுற ஆட்டத்துக்குக் கேபிள் தானா லூஸாகும்னும் சொன்னா. அது நெசம்தான், நான் எத்தனை பட்டறையில பார்த்திருக்கேன். இளங்கோ முகம் தொங்கிப் போச்சு. திருத்திடறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கன்னு அவனே கேட்டான்.

முதலாளி காதுல அது விழுந்ததாவே தெரியலை.

"எப்பவோ ஒருக்கா ஆகறதுக்கு அத்தனை பேரையும் காக்க வெக்கோணுமுங்களா அம்மிணி? பேரைப் போட்டுட்டுப் போங்க."

"உள்ள நூத்தி முப்பது டிகிரி இருக்கும் சார். திரை அறுபதுன்னு காட்டும். அதை நம்பி மூடியைத் திறக்கிறவன் வெந்து போவான். நான் பேர் போட மாட்டேன்."

அவ்வளவுதான். அவர் எழுந்து நின்னுட்டார். இனிமே புரோகிராம் பக்கமே போக வேண்டாமுங்க, வாசல்ல உட்கார்ந்து போன் எடுத்தாப் போதுமுங்கன்னார். இஷ்டமில்லேன்னா சாத்தூருக்கு பஸ் ஏறிக்கலாமுங்கன்னார். அப்புறம் இளங்கோவைப் பார்த்து, அவ பேர் இருக்க வேண்டிய இடத்துல பிரபாகர்னு தன் பேரையே போடச் சொன்னார். லினக்ஸ்னா கறுப்பா சிவப்பான்னு தெரியாத மனுஷன்.

வேல்விழி அழலை. தாடையை இறுக்கிக்கிட்டு, கெட்டில் தண்ணியைக் கொட்டிட்டு, தன் மேஜையை ஒழிச்சா. ஒருத்தரும் அவ முகத்தைப் பார்க்கலை.

கொதிச்ச தண்ணியை நானும்தானே பார்த்தேன். முதலாளி சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல வந்தது. உலுக்கினா அடுத்த பஸ்ஸுல நான் போகணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பெட்டிகளை வேன்ல ஏத்தினேன்.

கிளம்புறப்ப முதலாளி வெளிய வந்தார். முதல்ல எந்தப் பக்கம்னு கேட்டார். திருமுருகன்பூண்டிதான்னேன். அங்க இருக்கிற சாயப்பட்டறை அவரோட சொந்தப் பட்டறை, அவர் மகன் நடத்துறான். முதலாளி இடத்துல இருந்து ஆரம்பிச்சா அவர் மனசு குளிரும்னு நினைச்சேன்.

அவர் வேன் கதவுல கையை வச்சார். வாசல்ல போன் பக்கத்துல உட்கார்ந்திருந்த வேல்விழியை ஒரு பார்வை பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அங்க மட்டும் இப்ப வேண்டாமுங்க அந்தோணி. நெறம் பாக்க மூடியைத் தொறக்கறதே என்ற பையன்தானுங்க. அந்தப் புள்ள பேர் போட்ட பொறவு மாட்டிக்கலாம்."