தீப்பெட்டியோடு ஒரு படம்

ஸ்டுடியோவில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்யாண ஆல்பம் செய்து தருகிற செண்பகவல்லி, தன் ஜாதகத்தோடு போகவேண்டிய படத்தில் ஒரு தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, அடுப்புப் பத்தவைக்கத் தெரியும்னு காட்டுதியா?" என்று எதிர்வீட்டு மதினி கேட்டாள்.

போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள், "படத்துல நல்ல சிவப்பா இருந்தாளே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் கிளம்பினார்கள். அவள் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட்டவளில்லை. அவளை வெளுப்பாகக் காட்டியது அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மானிட்டர். இன்னொரு முறை கூடத்தில் அப்படி நிற்க அவளால் முடியாது.

"மானிட்டருக்கு மானிட்டர் நிறம் மாறும் மதினி. இந்தத் தீப்பெட்டி எல்லா ஊர்லயும் ஒரே நிறந்தான்."

புதிதாக வந்த வரன் வீட்டுக்குப் படத்தோடு ஒரு குறிப்பும் போனது: இதே மார்க் தீப்பெட்டி ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின் நிறமும் ஒன்றாகும்வரை மானிட்டரைத் திருத்துங்கள். பிறகு என்னைப் பாருங்கள்.

"உருப்பட்டாப்லதான்," என்றாள் மதினி.

மறுநாள் மாப்பிள்ளையே போன் செய்தார். மதினி கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே வந்து நின்றுகொண்டாள்.

"முதல்ல நல்ல சிவப்பா தெரிஞ்சீங்க. தீப்பெட்டியை வச்சுத் திருத்தினதும் கருத்துட்டீங்க."

செண்பகவல்லி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நான் உங்களுக்கும் மேல கருப்பு. படம் அனுப்பட்டுமா?" என்றார் அவர்.

"படமெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். "வெயில் இறங்குறதுக்குள்ள நேர்ல வாங்க."