முப்பத்திரண்டாவது பெயர்

"முப்பத்தொண்ணு இருக்கணும். முப்பத்திரண்டு இருக்கு. இது எங்கேருந்து வந்துச்சு?"

ஸ்டோர்கீப்பர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

உதிரிபாகக் கிடங்கில் இருபத்தாறு வருஷமாக ஸ்டாக் பார்க்கிற மனிதர். அந்தப் புத்தி வீடு வரை வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று ஒரு நீள நோட்டு. பெயர், ஏற்றிய தேதி, ஏற்றியவர். உதவாததைத் தூக்கிவிட்டால் அந்த வரிமேல் சிவப்பு மையில் ஒரே கோடு. ஞாயிறு மாலை சரிபார்த்து அவர் ஒரு கையெழுத்து, மனைவி ஒரு கையெழுத்து. மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "அப்பா, நான் போறேன், ஸ்டாக்ல ஒண்ணு குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"மூணு வாரம் முன்னாடி, புதன்கிழமை, மதியம் ரெண்டே கால். அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு நான் வெளியூர்ல. அந்த தைரியமா? நான் கிடங்குல, பொண்ணு ஹாஸ்டல்ல. அப்ப ஏத்தினது யாரு, பூனையா?"

"நான்தான்."

"நீயா? ஒரு பிரிண்ட் எடுக்கவே என்னைக் கூப்பிடுவியே! யார் சொல்லிக் கொடுத்தா?"

"ஃபோன்ல ஒருத்தர் சொன்னார்."

ஒருத்தர்! அவருக்குச் சுருக்கென்றது. போன வியாழன் மறந்துபோன சாவியை எடுக்க மதியம் வந்தவருக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓர் ஆண் குரல் கேட்டது. நிறுத்தி நிதானமாகப் பேசிய குரல். கதவைத் தட்டியதும் டக்கென்று நின்றுபோனது. கேட்டதற்கு "ரேடியோ" என்றாள். அந்த ரேடியோ கெட்டு மூன்று வருஷமாகிறது. அதையும் அவர் நோட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறவள் அவள். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுவாள் என்று பெயர். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாகக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எங்கோ ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இவர் காலடிச் சத்தம் கேட்டால் கழற்றி வைத்துவிடுகிறாள்.

"வியாழக்கிழமை கேட்ட குரல்?"

"இதுலேருந்து வந்ததுதான்."

"ஏன் எங்கிட்ட மறைச்சே?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். ஒரு நட்டு, ஒரு போல்ட் காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிற தனக்கா இந்தக் கதி என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதைக் கோபமாக்கிக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

"இப்பவே அழிக்கிறேன். சிவப்புக் கோடு போட்டுத் தலைமுழுகிடறேன்."

"ஐயோ, அதை மட்டும் எடுத்துடாதீங்க!" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது போச்சுன்னா எனக்கு எதுவுமே இல்ல."

"அப்ப நான் யாரு?"

"உங்க சிவப்புப் பேனாவை நினைச்சாத்தாங்க பயம். உதவாதுன்னு தெரிஞ்சா ஒரே கோடு போட்டுடுவீங்களே."

"பேச்சை மாத்தாதே!"

வெள்ளை மைக்கா மேசைமேல் நோட்டைத் திறந்து, அவள் பக்கம் தள்ளினார். பேனாவை அவள் கையில் திணித்தார்.

"நான்தான் ஏத்தினேன்னு கையெழுத்துப் போடு. நாளைக்குப் பொண்ணு கேட்டாக் காட்டணும்."

"எங்க போடணும்? விரலை வச்சுக் காட்டுங்க."

சில மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் கேட்கிறாள். கொஞ்சல் என்று நினைத்து, அவரும் உள்ளூரப் பூரித்துப்போய் விரல் வைத்துக் காட்டுவார். இன்று எரிச்சலாக வந்தது.

"இதுக்கொண்ணும் குறைச்சல் இல்ல! எப்பவும் போடற இடம்தான், போடு!"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சுவரில் கை வைத்தபடி மெல்ல சமையலறைக்குள் போனாள். விசும்பல் இங்கே வரை கேட்டது. நடிக்கிறாள் என்று நினைத்தார்.

அந்த ஒருத்தன் யாரென்று பார்த்துவிட வேண்டியதுதான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டாவது பெயரைத் திறந்தார்.

அதே ஆண் குரல். "பட்டியல். முப்பத்திரண்டு." மவுஸை நகர்த்தினார். "நீக்கு. பொத்தான்" என்றது. அவள் திருத்திக்கொண்டிருந்த பக்கத்தைத் திறந்தார். அதையும் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட வரி வரியாகப் படித்தது. வேறு பேச்சே இல்லை.

"திரையில இருக்கிறதைத்தானே படிக்குது? இதுக்கா இந்த அழுகை?" என்று முணுமுணுத்தார்.

ஒன்றும் புரியாமல் நோட்டைப் பார்த்தார். முப்பத்திரண்டாவது வரி காலி. ஏமாற்றிவிட்டாளே என்று ஆத்திரத்தோடு நோட்டை இழுத்து மூடப்போனவரின் கை அப்படியே நின்றது.

நோட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி, வெறும் வெள்ளை மேசையின் மேல், நீல மையில் அவள் முழுக் கையெழுத்தும் ஓர் எழுத்து விடாமல் இருந்தது.