யாரும் சாத்தாத கதவு

எல்லா ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் பொதுவான ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஃப்ரீசர் இருந்தாள். நோயாளிகள் கொடுத்த திசுக்கள் அவள் வயிற்றில் உறைந்து கிடந்தன. உருகினால் எல்லோருடைய ஆராய்ச்சியும் பாழ். அன்று கடைசியாகத் திசு எடுத்தவர், பின்னால் வருகிறவர் சாத்திக்கொள்வார் என்று கதவைத் திறந்துபோட்டுப் போனார். பின்னால் யாரும் வரவில்லை.

"ஐயோ, உருகுதே! யாராவது கதவைச் சாத்துங்களேன்!" என்று ஃப்ரீசர் அலறினாள்.

"என்னை முன்பதிவு பண்ணியிருக்கீங்களா அக்கா? இது இதயக் குழுவோட நேரம்," என்றது, குழுக்கள் நேரம் பதிவு செய்து பயன்படுத்தும் பக்கத்து மேசை மைக்ராஸ்கோப்.

"நீ எங்கே நகரப் போறே? அந்தச் சுத்துற தம்பிகிட்டச் சொல்லு," என்றாள் ஃப்ரீசர்.

எதிரே சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரெதிர்க் குழாய்கள் ஒரே எடையில் இல்லாவிட்டால் அது ஆடும். ஆடினால் சக்கரக் காலில் நகரும்.

"இன்னைக்கு எடை சரியா இருக்கு. சும்மா எல்லாம் ஆட முடியாது," என்றது கறாராக.

மைக்ராஸ்கோப் கண்ணைச் சுருக்கியது. "தம்பி, மூணாவது குழாயில ஒரு சொட்டு கூட இருக்கிற மாதிரி தெரியுது. எதுக்கும் பாத்துக்கோ."

"கூடவா?"

இயந்திரத்துக்கு முதலில் மனம் ஆடியது, பிறகு உடம்பு. தடதடவென்று வந்து மோதியதில் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

"இப்ப நிம்மதியா அக்கா?" என்றது மைக்ராஸ்கோப்.

கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரத்தை ஃப்ரீசர் பார்த்தாள்.

"ஐயோ, இனிமே எப்படித் திறப்பாங்க?" என்று மறுபடி அலறத் தொடங்கினாள்.