கருமாதிக்கு வேண்டியது

குணவதியைக் காதலித்தான் என்பதற்காகவே அழகேசனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பிவைத்தார் அவளுடைய அப்பா, ராமையா கங்காணி. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன் தனக்கு மருமகனா என்பது அவர் கேள்வி. சண்டையில் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் அந்த வேலைக்கு ஆள் கேட்டபோது அவர் முதலில் காட்டியது அவனைத்தான்.

அவன் காலராவில் செத்துப்போனான் என்று சயாமிலிருந்து தப்பி வந்தவன் சொன்னான்.

மறுநாளே கங்காணி, மெர்போக்கிலிருந்து சைக்கிளில் வந்திருந்த புதுச் சம்பந்தி சின்னையாவோடு, அழகேசனின் தாய் மருதம்மாளின் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மனசத் தேத்திக்க மருதம்மா. வர்ற வெள்ளிக்கிழமை குணவதிக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால உன் மகன் கருமாதிய முடிச்சிடு. தோட்டத்துல தீட்டு நிக்கக் கூடாது பாரு.”

“அரிசிக்கு எங்கய்யா போவேன்? வீட்டுல மரவள்ளிக்கிழங்குதான் இருக்கு.”

“அரிசி, துணி எல்லாம் நான் தர்றேன்.”

“கங்காணி மனசு யாருக்கு வரும்!” என்றார் சின்னையா.

மருதம்மாள் அழவில்லை.

“அரிசி இல்லாட்டியும் கருமாதி நடக்கும் ஐயா. உங்க மக இருந்தாத்தான் முடியும்.”

“அவ எதுக்கு?”

“லோரி ஏறுறதுக்கு மொத நாள் என் மகன் கட்டுன தாலி அவ கழுத்துலதானே கெடக்கு?”

சின்னையா சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

சாவுச் செய்தி கேட்டு முன்பே மருதம்மாளிடம் வந்திருந்த குணவதி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். சேலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

“நீங்களே அறுங்கப்பா. அவர சயாமுக்கு அனுப்பினப்பவே பாதி அறுத்துட்டீங்க.”